மீல் மேக்கர் சாப்பிட்டு பையனுக்கு உதடு வீங்கிடுச்சு, இப்ப பருப்பையே நிறுத்தணுமா?

வில்லிவாக்கம்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெரிய பதிவு, பொறுத்துக்கோங்க. பையனுக்கு நாலு வயசு முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகுது. போன மாசம் எங்க அபார்ட்மென்ட்ல ஒரு பர்த்டே பார்ட்டி, சைவம்தான், மீல் மேக்கர் பிரியாணி, தயிர் பச்சடி, கேக். இவன் சோத்தை விட்டுட்டு மீல் மேக்கரை மட்டும் பொறுக்கி நாலஞ்சு துண்டு தின்னிருக்கான். பத்து நிமிஷம்கூட ஆகல, "அம்மா வாய் அரிக்குது"ன்னு வந்தான். பார்த்தா கீழ் உதடு பஜ்ஜி மாதிரி உப்பி இருக்கு, கழுத்துல இருந்து வயிறு வரைக்கும் திட்டுத்திட்டா தடிப்பு, அப்புறம் ரெண்டு தடவை வாந்தி. பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு தூக்கிட்டு ஓடினோம், ஒரு ஊசி போட்டாங்க, ஒரு மணி நேரத்துல அடங்கிடுச்சு. "பழைய எண்ணெயா இருக்கும், ஃபுட் பாய்சன்"னு சொல்லி சிரப் குடுத்து அனுப்பிட்டாங்க.

எனக்கு மனசு கேக்கல, நானே ஒரு லேப்ல போய் அலர்ஜி பேனல்னு ரத்தப் பரிசோதனை எடுத்தேன். சோயா பாசிட்டிவ். (மீல் மேக்கர்னா சோயான்னே அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும், இத்தனை நாளா ஏதோ காளான் மாதிரி ஒன்னுன்னு நெனச்சிட்டு இருந்தேன், சிரிக்காதீங்க.) ஆனா அதோட நிக்கல, வேர்க்கடலை, கொண்டைக்கடலை, துவரம்பருப்பு, பச்சைப்பயறு எல்லாத்துக்கும் பக்கத்துல ஒரு ஸ்டார் போட்டு பாசிட்டிவ்னு அடிச்சிருக்கான். ரிப்போர்ட்டை கையில குடுத்தவர் "இதெல்லாம் அவாய்ட் பண்ணுங்க"ன்னு சொன்னதோட சரி.

மூணு வாரமா வீட்டுல சாம்பார் கிடையாது, பருப்பு கிடையாது, சுண்டல் கிடையாது. உளுந்து அந்த லிஸ்ட்லயே இல்ல, ஆனாலும் பயத்துல இட்லியையும் நிறுத்திட்டேன். தயிர் சாதம், முட்டை, வாழைப்பழம், திரும்ப தயிர் சாதம். புள்ள இளைச்சுப் போயிட்டான். மாமியார் "எங்க காலத்துல அலர்ஜியும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, நீ கூகுள் பார்த்து குழந்தையைப் பட்டினி போடுற"ன்னு தினமும் ஒரு பாட்டு. அவங்க சொல்றது முழுக்க தப்புன்னும் சொல்ல முடியல, அதான் கஷ்டமா இருக்கு.

எல்லாப் பருப்பையும் நிறுத்தித்தான் ஆகணுமா? சோயா வேற எதுலெல்லாம் ஒளிஞ்சிருக்கும்? வளர வளர சரியாகுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


ஓஎம்ஆர்_ஆந்தை:

சிஸ்டர், முதல்ல ஒன்னு, நீங்க சந்தேகப்பட்டு டெஸ்ட் எடுத்தது நல்ல காரியம். நான் ஆறு வருஷம் இதே கூத்துல இருந்தவன். எனக்கு இருபத்தஞ்சு வயசுக்கு மேலதான் ஆரம்பிச்சது, பெரியவங்களுக்கும் புதுசா வரும், அது பல பேருக்குத் தெரியாது. நைட் ஷிஃப்ட் முடிச்சு துரைப்பாக்கத்துல வண்டிக்கடை ஃபிரைட் ரைஸ் சாப்பிட்டா சில நாள் தொண்டை அரிக்கும், காது மடல் சூடாகும், உள்ளங்கை அரிப்பு தாங்காது. நான் அஜினோமோட்டோ மேல பழி போட்டேன், "அண்ணா அஜினோ போடாதீங்க"ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன், அவரும் பாவம் போடாமத்தான் குடுத்தாரு, அப்பவும் வந்துச்சு. கடைசியில பார்த்தா சோயா சாஸ். அதை நொதிக்க வெச்சு பண்றாங்க, அதனால புரதம் ஓரளவு உடையும், ஆனா முழுசா போயிடாது, என்னை மாதிரி ஆளுக்கு அந்த மிச்சமே போதும். அதுல கோதுமையும் சேர்ப்பாங்கன்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

எதுல ஒளிஞ்சிருக்கும்னு கேட்டீங்கள்ல. கோபி மஞ்சூரியன், சில்லி பரோட்டா, நூடுல்ஸ், இதெல்லாம் சாஸ் வழியா. டோஃபு, சோயா பால், சௌகார்பேட்டை பக்கம் இப்ப எங்க பார்த்தாலும் இருக்கிற சோயா சாப், இதெல்லாம் பேர்லயே தெரியும், பிரச்சினை இல்ல. பேர்ல தெரியாததுதான் ஆபத்து. மல்டிகிரைன் ஆட்டான்னு விக்கிறதுல நிறைய பிராண்டுல சோயா மாவு இருக்கு. ஃப்ரீசர்ல விக்கிற சிக்கன் நகெட், சாசேஜ் இதுல சிக்கனோட சோயா புரதம் கலந்திருக்கும், நான்வெஜ் ஆச்சே சோயா எங்க இருந்து வரும்னு நெனச்சு மாட்டினவன் நான். பிரட், பன், பிஸ்கட், சூப் பவுடர், ஜிம் பசங்க குடிக்கிற புரோட்டீன் பவுடர். "ஹைட்ரோலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்"னு போட்டிருந்தா அது பெரும்பாலும் சோயாவா இருக்க வாய்ப்பு இருக்கு.

பாக்கெட் சாமான்னா பின்னாடி "கன்டெய்ன்ஸ்"னு ஒரு வரி தேடுங்க. எஃப்எஸ்எஸ்ஏஐ (நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 2020 லேபிள் விதிப்படி பால், முட்டை, மீன், கோதுமை, வேர்க்கடலை மாதிரி சோயாவையும் தனியா சொல்லணும். ஐஎன்எஸ் 322னு (உணவுல சேர்க்கிற பொருளோட கோட் நம்பர்) இருந்தா லெசித்தின், எண்ணெயும் தண்ணியும் பிரியாம சேர்த்து வைக்கிற பொருள், பெரும்பாலும் சோயாவுல இருந்து எடுத்தது, சூரியகாந்தியில இருந்தும் வரும். சாக்லேட்ல எல்லாம் அதுதான். அதுல புரதம் ரொம்ப ரொம்பக் கம்மி, சோயா ஆகாதவங்கள்லயும் நிறைய பேருக்கு ஒன்னும் செய்யாது, எனக்கும் செய்யல. உங்க பையன் இதுக்கு முன்னாடி சாக்லேட் சாப்பிட்டு ஒன்னும் ஆகலன்னா அதை டாக்டர்கிட்ட சொல்லுங்க, தேவையில்லாம சாக்லேட்டையும் பிடுங்கிக்காதீங்க.

எண்ணெய் பத்தி கேப்பீங்க. ரீஃபைன்ட் சோயா எண்ணெய்ல புரதம் கிட்டத்தட்ட இருக்காது, அலர்ஜி வர்றதே புரதத்தாலதான், கொழுப்பால இல்ல. அமெரிக்காவுல நல்லா சுத்திகரிச்ச எண்ணெய்க்கு அலர்ஜி லேபிள்கூட கட்டாயம் இல்ல. ஆனா செக்கு எண்ணெய் வேற கதை, செக்குல ஆட்டினது எதுவா இருந்தாலும் அந்த வித்தோட புரதம் கொஞ்சம் எண்ணெய்ல இருக்கும். பையனுக்கு வேர்க்கடலையும் ஆகாதுன்னு உறுதியாச்சுன்னா அப்ப செக்குக் கடலெண்ணெய் பத்தி யோசிக்கணும்.

பருப்பு விஷயம் எனக்குத் தெரியல, நான் சாம்பார்ல முங்கிக் குளிக்கிறவன், எனக்கு ஒன்னும் ஆனதில்ல. டாக்டர் யாராவது வந்து சொல்லட்டும்.


பாரம்பரிய_வாழ்வியல்:

சகோதரி பயம் வேண்டாம். உடம்பு பழகாததுதான் ஒவ்வாமை. தினமும் ஒரு சிட்டிகை சோயா மாவை மோரில் கலந்து கொடுங்கள், ஒரு மண்டலத்தில் சரியாகிவிடும். இல்லையென்றால் இருநூறு உணவுக்கான ஐஜிஜி (ரத்தத்தில் இருக்கும் ஒரு வகை எதிர்ப்புப் பொருள்) பரிசோதனை வீட்டுக்கே வந்து எடுக்கிறார்கள், எது உடம்புக்குச் சேராது என்று மொத்தமாகத் தெரிந்துவிடும். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் எடுத்தோம்.


குழந்தை_டாக்டர்_தாம்பரம்:

மேல இருக்கிற பதிவுல சொன்ன ரெண்டையும் தயவுசெஞ்சு பண்ணாதீங்கம்மா. பத்து நிமிஷத்துல உதடு வீங்கி, தடிப்பு வந்து, வாந்தியும் எடுத்த குழந்தைக்கு வீட்டுல உக்காந்து சிட்டிகை சிட்டிகையா சோயா குடுக்கிறது விளையாட்டு இல்ல. கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பழக்குற சிகிச்சைன்னு ஒன்னு வேற சில உணவுகளுக்கு இருக்குதான், அது ஸ்பெஷலிஸ்ட் கண்காணிப்புல, அளந்து, அவசர மருந்து பக்கத்துல வெச்சுப் பண்றது, மோர்ல கலக்குறது இல்ல. ஐஜிஜி டெஸ்ட் விஷயம், ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர் சங்கம் 2008லயே இதை அலர்ஜி கண்டுபிடிக்கப் பயன்படுத்தாதீங்கன்னு சொல்லிட்டாங்க. நாம சாப்பிடுற எதுக்கும் உடம்பு ஐஜிஜி உண்டாக்கும், அது அந்த உணவை நீங்க சாப்பிட்டு இருக்கீங்கன்னு காட்டுது, அவ்வளவுதான். அரிசி ஆகாது பால் ஆகாதுன்னு பட்டியல் வரும், ஜனங்க அதை நம்பி குழந்தையை வத்த விடுவாங்க.

இப்ப உங்க ரிப்போர்ட்டுக்கு வர்றேன். நீங்க எடுத்தது ஐஜிஇயா (அலர்ஜியில வேலை செய்ற எதிர்ப்புப் பொருள்) இருக்கணும், அது சரியான டெஸ்ட்தான், ஆனா அதைப் படிக்கிற விதம் வேற. ஐஜிஇ பாசிட்டிவ்னா உடம்பு அந்தப் புரதத்தை அடையாளம் வெச்சிருக்குன்னு அர்த்தம். சாப்பிட்டா அலர்ஜி வரும்னு அது சொல்லல. சோயா, வேர்க்கடலை, கடலை, துவரை, பயறு எல்லாம் ஒரே அவரைக் குடும்பம், புரதங்களோட அமைப்பு அண்ணன் தம்பி ஜாடை மாதிரி ஒத்திருக்கும், ஒன்னுக்கு உண்டான ஐஜிஇ இன்னொன்னு மேலயும் போய் ஒட்டிக்கும், மிஷின் அதையும் பாசிட்டிவ்னு அடிக்கும். ஆனா நிஜமா சாப்பிட்டுப் பார்த்தா பெரும்பாலான குழந்தைங்களுக்கு அந்தக் குடும்பத்துல ஒன்னோ ரெண்டோதான் ஆகாது. நம்ம ஊர்ல கொண்டைக்கடலை, உளுந்து அலர்ஜி இருக்கிற குழந்தைங்களும் இருக்காங்க, இல்லன்னு சொல்லல, அதை முடிவு பண்றது ரிப்போர்ட்ல இருக்கிற ஸ்டார் இல்ல, சாப்பிட்டப்ப என்ன ஆச்சுங்கிறது.

அதனால நான் கேக்கிற கேள்வி இதுதான். இந்த மூணு வாரத்துக்கு முன்னாடி உங்க பையன் சாம்பார் சாப்பிட்டானா? இட்லி, சுண்டல், பயத்தங்கஞ்சி? சாப்பிட்டு ஒன்னும் ஆகலன்னா அந்த டெஸ்ட்டையே அதுக்கெல்லாம் எடுத்திருக்க வேண்டியதில்ல. அலர்ஜி பார்க்கிற டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு சீக்கிரமே திரும்ப ஆரம்பிச்சிடுங்க, ஆகிற உணவை ரொம்ப நாள் நிறுத்தி வைக்கிறதும் நல்லதில்ல. சைவச் சாப்பாடு சாப்பிடுற வீட்டுல பருப்பைப் புடுங்கினா புரதத்துக்கு எங்க போவீங்க. வேர்க்கடலை இதுவரைக்கும் தின்னதே இல்லன்னா அதை மட்டும் வீட்டுல சோதிக்காதீங்க. டாக்டர் தேவைன்னு நெனச்சா ஆஸ்பத்திரியில உக்கார வெச்சு துளி அளவுல ஆரம்பிச்சு இடைவெளி விட்டு விட்டு ஏத்திக் குடுத்துப் பார்ப்பாங்க, ஃபுட் சேலஞ்ச்னு பேரு, சந்தேகத்தைத் தீர்க்கிறதுல அதுக்கு மேல ஒரு டெஸ்ட் கிடையாது. தோல்ல குத்திப் பார்க்கிற டெஸ்ட் எழுதினாங்கன்னா சில நாள் முன்னாடியே செட்ரிசின் மாதிரி அலர்ஜி மருந்தை நிறுத்தச் சொல்வாங்க, இல்லன்னா இருக்கிறதும் இல்லாத மாதிரி காட்டும்.

அன்னிக்கு நடந்தது ஃபுட் பாய்சன் இல்ல. தோல்லயும் வந்து வயித்துலயும் வந்திருக்கு, ரெண்டு இடத்துல ஒரே நேரத்துல வந்தாலே நாங்க அனாஃபிலாக்சிஸ்னு, அதாவது உயிருக்கே ஆபத்தாகக்கூடிய கடும் அலர்ஜின்னு எடுத்துக்குவோம். அதுக்கு முதல் மருந்து அட்ரினலின், தொடையோட வெளிப்பக்க சதையில போடுற ஊசி, எடைக்குத் தகுந்த அளவு, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். செட்ரிசின் சிரப் அரிப்பைக் குறைக்கும், மூச்சுக்குழாய் வீங்கினாலோ பிரஷர் இறங்கினாலோ அதால ஒன்னும் பண்ண முடியாது. வெளிநாட்டுல பேனா மாதிரி ரெடிமேடா ஒரு ஊசி இருக்கும், இங்க அது சுலபமா கிடைக்கிறதில்ல, அதனால ஆம்பூல் (சின்ன கண்ணாடி மருந்துக் குப்பி), சிரிஞ்சு வெச்சு எப்படிப் போடுறதுன்னு உங்களுக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் டாக்டரே செஞ்சு காட்டணும், எத்தனை மில்லின்னு பேப்பர்ல எழுதி வாங்கிக்கோங்க. அடுத்த தடவை மூச்சுத் திணறல், குரல் கம்முறது, தலை சுத்தி சோர்ந்து விழுறது, தொடர் வாந்தி, எது வந்தாலும் படுக்க வெச்சு (மூச்சு வாங்கினா உக்கார வெச்சு) ஊசியைப் போட்டுட்டு 108க்கு அடிங்க. அடங்கின மாதிரி இருந்து சில மணி நேரம் கழிச்சு திரும்ப வர்றதும் உண்டு, அதனாலதான் ஒரு மணி நேரத்துல வீட்டுக்கு அனுப்பினது எனக்குப் பிடிக்கல.

வீசிங் இருக்கா பையனுக்கு? இருந்தா அதை முதல்ல கட்டுக்குள்ள கொண்டு வாங்க. ஸ்வீடன்ல 1999ல வெளிவந்த ஒரு ஆய்வுல சோயாவால இறந்துபோன நாலு இளசுகளைப் பத்தி எழுதியிருக்காங்க, நாலு பேருக்கும் ஆஸ்துமா இருந்துச்சு, கடுமையான வேர்க்கடலை அலர்ஜியும் இருந்துச்சு, சோயா ஆகாதுங்கிறதுதான் யாருக்கும் தெரியாது. பயமுறுத்தச் சொல்லல, சோயாதானே லேசா விட்டுடலாம்னு யாரும் நெனச்சிடக் கூடாதுன்னு சொல்றேன்.

கடைசியா, சரியாகுமான்னு கேட்டீங்க. நல்ல வாய்ப்பு இருக்கு. 2010ல அமெரிக்காவுல இருக்கிற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்காரங்க 133 குழந்தைங்களை வெச்சுப் போட்ட கணக்குல நாலு வயசுக்குள்ள 25 சதவீதம், ஆறு வயசுக்குள்ள 45, பத்து வயசுக்குள்ள 69 சதவீதம் பேருக்கு சோயா அலர்ஜி விலகிடுது. ஐஜிஇ அளவு ரொம்ப அதிகமா இருக்கிறவங்களுக்கு நாளாகும். வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்க.


மாம்பலம்_பந்தி:

அம்மா நான் இருபது வருஷமா கேட்டரிங்ல இருக்கேன். டாக்டர் அய்யா சொன்னது எல்லாம் சரி, நான் அடுப்படி விஷயத்தைச் சொல்றேன்.

எந்தக் கடையிலயும் கல்யாணத்துலயும் "இதுல சோயா இருக்கா"ன்னு கேக்காதீங்க. பரிமாறுற பையனும் மாஸ்டரும் சத்தியமா இல்லம்பான், பொய் சொல்ல மாட்டான், அவனுக்கு சோயான்னா பாட்டில்ல இருக்கிற கறுப்பு சாஸ் மட்டும்தான். "மீல் மேக்கர் இருக்கா"ன்னு கேளுங்க. அப்பதான் ஆமாம்பான். சோயா பருப்புல எண்ணெய் எடுத்த பிறகு நிக்கிற மாவை, நம்ம பாஷையில சொன்னா பிண்ணாக்கை, மிஷின்ல வேகவெச்சு அழுத்திப் பிதுக்கி எடுக்கிறதுதான் மீல் மேக்கர். பாதிக்குப் பாதி புரதம். உங்க புள்ள நாலு துண்டு தின்னான்னா அது கொஞ்ச அளவு இல்லம்மா.

துண்டு துண்டா கிடந்தா கண்ணுக்குத் தெரியும், பொறுக்கிப் போட்டுடலாம்னு நெனப்பீங்க. வெந்நீர்ல ஊறவெச்சு பிழிஞ்சு மிக்சியில ஒரு சுத்து விட்டா கொத்துக்கறி மாதிரி ஆயிடும், அதுக்கப்புறம் உங்களால கண்டுபிடிக்கவே முடியாது. வெஜ் கோலா உருண்டை, கட்லெட், சமோசாவுக்குள்ள வைக்கிற மசாலா, வெஜ் கீமா தோசை, பரோட்டாக்கு ஊத்துற சால்னா, எல்லாத்துலயும் போடுவோம், விலையும் கம்மி, கெட்டியும் குடுக்கும். அசைவக் கடையிலகூட மட்டன் கீமாவோட இதைக் கலக்குற ஆளுங்க இருக்காங்க, நான் யாரையும் குத்தம் சொல்லல, இருக்கு. இன்னொன்னு, பந்தியில ஒரே கரண்டி நாலு பாத்திரத்துக்குப் போகும். கட்லெட் பொரிச்ச எண்ணெய்லதான் அப்பளமும் பொரியும், அது சாதா அப்பளம்தானேன்னு குடுத்துடாதீங்க. விசேஷத்துக்குப் போறீங்கன்னா முதல் நாளே சமையல்காரருக்கு போன் போட்டுச் சொல்லிடுங்க, ஒரு எவர்சில்வர் டிபன்ல தனியா எடுத்து வைக்கிறது எங்களுக்குப் பெரிய வேலையே இல்ல. பந்தியில உக்காந்த பிறகு சொன்னாத்தான் எங்களால ஒன்னும் பண்ண முடியாது.


ரெட்டை_ஜடை:

எங்களுது வேற மாதிரி சோயா கதை, யாருக்காவது உதவும்னு போடுறேன். என் பொண்ணுக்கு ரெண்டு மாசத்துல பசும்பால் ஃபார்முலா ஒத்துக்கல, மோஷன்ல ரத்தம். சோயா ஃபார்முலாவுக்கு மாத்தினோம், பத்து நாள் நல்லா இருந்துச்சு, திரும்ப ரத்தம். தடிப்பு, வீக்கம் எதுவும் கிடையாது, ரத்தப் பரிசோதனையும் நெகட்டிவ். அப்புறம்தான் சொன்னாங்க, ஐஜிஇ இல்லாத வகைன்னு ஒன்னு இருக்கு, பால் ஆகாத குழந்தைங்கள்ல கொஞ்சம் பேருக்கு சோயாவும் ஆகாது, ஆறு மாசத்துக்குள்ள சோயா ஃபார்முலாவை முதல் சாய்ஸா குடுக்கிறதில்லன்னு. புரதத்தை உடைச்சு வெச்ச ஒரு ஸ்பெஷல் பவுடர் எழுதிக் குடுத்தாங்க, விலையைப் பார்த்து வீட்டுக்காரர் ரெண்டு நாள் பேசல. ஒன்றரை வயசுல எல்லாம் சரியாப் போச்சு, இப்ப அவ ஐஸ்கிரீம் கேட்டு அழுறா. டெஸ்ட் நெகட்டிவ்னா அலர்ஜியே இல்லன்னும் எடுத்துக்க முடியாதுங்கிறதுக்காகச் சொன்னேன்.


கொரட்டூர்_சந்தேகம்:

இடையில ஒரு கேள்வி. எங்க கீழ் வீட்டுல வாரத்துக்கு ரெண்டு நாள் மீல் மேக்கர் குருமா வைப்பாங்க, எங்க பாப்பாவுக்கும் சோயா ஆகாது, அந்த வாசனை மாடிக்கு வந்தா ஏதாவது ஆகுமா? கேட்டா சண்டை ஆயிடும்னு கேக்காம இருக்கேன்.


ஓஎம்ஆர்_ஆந்தை:

சண்டை போட வேணாம் பாஸ். வாசனைங்கிறது வேற, புரதம் மூக்குக்குள்ள போறது வேற. கொதிக்கிற பாத்திரத்துக்கு மேல மூஞ்சியை வெச்சு ஆவி பிடிச்சா சில பேருக்கு தும்மல், இழுப்பு வரலாம், மாடி வீட்டுக்கு வர்ற மசாலா வாசத்துல அந்த அளவுக்கு ஒன்னும் இருக்காது.

தூசி ஆனா ஆபத்து. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை, திரியை விட்டு விலகுறேன் மன்னிச்சுக்கோங்க. ஸ்பெயின்ல பார்சிலோனா, நம்ம சென்னை மாதிரியே ஊருக்கு நடுவுல துறைமுகம். 1981ல இருந்து 1987 வரைக்கும் சில நாள் திடீர்னு ஊர்ல பாதிப் பேருக்கு ஆஸ்துமா வந்த மாதிரி எமர்ஜென்சி வார்டு நிறைஞ்சு வழிஞ்சிருக்கு, மத்த நாள் ஒன்னுமே இல்ல. மொத்தம் 26 தடவை. புகையா, பூவா, பருவநிலையான்னு மண்டையைப் பிச்சுக்கிட்டாங்க. கடைசியில ஆஸ்பத்திரி தேதியையும் துறைமுகத்துல கப்பல் வந்த தேதியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா, சோயா இறக்கின நாள்லதான் கூட்டம். சோயா கொட்டி வைக்கிற கிடங்கு ஒன்னுல தூசி பிடிக்கிற ஃபில்டர் இல்ல, பருப்போட தோல் தூசி காத்துல பறந்து ஊர் முழுக்கப் போயிருக்கு. ஃபில்டர் மாட்டினாங்க, நின்னுடுச்சு. அந்தத் தோல்ல இருக்கிற புரதம் வேற, சாப்பிட்டா அலர்ஜி குடுக்கிற புரதம் வேற, அதனால அந்த ஊர் ஜனங்க டோஃபு சாப்பிட்டா ஒன்னும் ஆயிருக்காது. குருமாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா வீட்டுல சோயா மாவு சலிக்கிற வேலை இருந்தா பாப்பாவை அந்தப் பக்கம் விடாதீங்க.


வில்லிவாக்கம்_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, டாக்டர் சார் உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. உங்க பதிவைப் படிச்சுட்டு ஒரு அலர்ஜி ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போனோம், அதான் மூணு வாரமா ஆளைக் காணோம்.

அவங்களும் முதல் கேள்வியா அதையே கேட்டாங்க, முன்னாடி என்னெல்லாம் சாப்பிட்டான்னு. எட்டு மாசத்துல இருந்து பருப்பு சாதம் சாப்பிடுறவன், ஒவ்வொரு நவராத்திரிக்கும் சுண்டல் கிண்ணத்தோட திரியிறவன். அதைச் சொன்னதும் அந்த ரிப்போர்ட்ல துவரை, கடலை, பயறு மூணையும் பேனாவால அடிச்சு விட்டுட்டாங்க. இட்லியை ஏன்மா நிறுத்தினீங்கன்னு கேட்டப்ப எனக்குப் பதில் இல்ல. வேர்க்கடலை மட்டும் அவன் சரியா சாப்பிட்டதே இல்ல, எங்க வீட்டுச் சட்னி எப்பவும் பொட்டுக்கடலைதான், அதனால அடுத்த மாசம் ஆஸ்பத்திரியில சேலஞ்ச் வெச்சிருக்காங்க. சோயா உறுதி. ஊசி போடச் சொல்லிக் குடுத்தாங்க, ஆரஞ்சுப் பழத்துல குத்திப் பழகினேன், கை நடுங்கிச்சு, என் வீட்டுக்காரர் எனக்கு மேல நடுங்கினார். வீட்டுல ஒரு செட், ஸ்கூல் பேக்ல ஒரு செட்.

ஒன்னு மட்டும் இங்க சொல்லணும், வேற யார்கிட்டயும் சொல்ல முடியல. டாக்டர் வீட்டுல இருக்கிற எல்லா டப்பாவோட லேபிளையும் படிச்சுட்டு வரச் சொன்னாங்க. சமையல் ரூம் அலமாரியில பழைய சத்துமாவு பாக்கெட் ஒன்னு கிடந்துச்சு, கடையில வாங்கினது, இருபது முப்பது தானியம்னு போட்டிருக்கும்ல, அது. கேழ்வரகு, கம்பு, சோளம், பொட்டுக்கடலை, ஏலக்காய், பதினேழாவதோ என்னமோ சோயா பீன்ஸ். இவனுக்கு ஒன்றரை வயசுல இருந்து ரெண்டரை வயசு வரைக்கும் தினமும் காலையில அந்தக் கஞ்சிதான். குடிச்சா வாயைச் சுத்தி சிவந்து போகும், வயிறு வலிக்குதுன்னு அழுவான், நாங்க சூடுன்னு சொல்லி வெந்தயம் குடுத்தோம். அவன் வாயை இறுக்கி மூடிக்குவான், நான் மூக்கைப் பிடிச்சு ஊத்தியிருக்கேன். அடம் தாங்க முடியாமத்தான் கடைசியில விட்டேன். ஸ்பெஷலிஸ்ட்கிட்ட சொன்னப்ப, ரெண்டு ஸ்பூன் மாவுல அளவு கம்மியா இருந்திருக்கும், அதனாலதான் பெருசா வரல, குழந்தை சொல்லத் தெரியாம சொல்லியிருக்கான்னாங்க. வெளிய வந்து ஆட்டோ ஏறுற வரைக்கும் நான் பேசல.

மாமியார்கிட்ட அந்தப் பாக்கெட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் கண்ணாடி போட்டுப் படிச்சாங்க. "நாமளே அரைச்சுக்கலாம், கடைக்காரன் எதை வேணா கொட்டுறான்"னு சொன்னாங்க, மறுநாளே கேழ்வரகை ஊறப் போட்டுட்டாங்க. சாம்பார் போன வாரமே திரும்ப வந்துடுச்சு.

மாம்பலம் அண்ணா, உங்க ஐடியாவை ஸ்கூல்லயும் யூஸ் பண்ணிட்டேன். மிஸ்கிட்ட குடுத்த லெட்டர்ல முதல்ல சோயா அலர்ஜின்னு மட்டும் எழுதியிருந்தேன், அவங்க "அது எல்லாம் யார் மேம் கொண்டு வர்றாங்க"ன்னு சொன்னாங்க. கிழிச்சுட்டு மீல் மேக்கர்னு பெருசா எழுதிக் குடுத்தேன். "அய்யோ, வாரத்துல ரெண்டு டப்பாலயாவது அது இருக்குமே"ன்னு உடனே ஒரு நோட்டு எடுத்துக் குறிச்சுக்கிட்டாங்க.